ட்யூப் இல்லாத சைக்கிள் டயர்: வீட்டிலேயே மாற்ற முடியுமா?



நம்ம சார்களோட பைக்கில் ஆணி குத்தினால் என்ன ஆகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பஞ்சர் கடை வரைக்கும் ஓட்டிக்கிட்டே போயிடறாங்க. கடைக்காரர் சக்கரத்தைக் கழட்டுறதுகூட இல்லை. ஆணியைப் பிடுங்கி, அந்த ஓட்டையில் ஒரு ரப்பர் திரியைச் சொருகி, காத்தடிச்சு, அஞ்சு நிமிஷத்தில் அனுப்பிடறாரு. அதே ஆணி நம்ம சைக்கிளில் குத்தினால்? புஸ்ஸுன்னு போயிடும். அப்புறம் தள்ளிக்கிட்டுதான் வரணும். கீழ்நாட்டில் தள்ளுறது வேற, நம்ம வாழவந்தியில் தள்ளுறது வேற. இங்கே தள்ளுறதுன்னா மேட்டில் தள்ளுறது!

பைக் டயருக்குள்ளே ட்யூப் கிடையாது. அதனால்தான் அதுக்கு ட்யூப்லெஸ்னு பேரு. அப்படின்னா சைக்கிளையும் அதே மாதிரி மாத்திடலாமே என்று உங்களுக்குத் தோணும். எனக்கும் தோணுச்சு. எங்க பெரியப்பா மகன், அண்ணன், சேலத்தில் இருந்து பழைய மலைச்சைக்கிள் ஒன்று வாங்கி வந்திருக்காங்க. 26 இஞ்ச் சக்கரம், தடிமனான பட்டன் டயர், கியர் எல்லாம் உண்டு. அதில் கேரியர் வெச்சு தினமும் காலையில் பால் கேன் கட்டிக்கிட்டுப் போவாங்க. பால் எடுக்கிற இடத்தில் நேரம் தாண்டினால் வாங்க மாட்டாங்க. கேனைத் திரும்பக் கொண்டு வரணும். அன்னிக்கு வருமானம் போச்சு. போன வருஷம் மழைக்காலத்தில் மட்டும் இந்த மாதிரி நாலு நாள் பால் திரும்பி வந்தது. நாலு தடவையும் காரணம் பஞ்சர்தான். தயிராக்கி, மோராக்கி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்து, எங்களுக்கே மோர் வேண்டாம்னு ஆயிடுச்சு.

அதனால் அந்த சைக்கிளை நானும் அண்ணனும் ட்யூப்லெஸ்ஸா மாத்தினோம். எப்படி மாத்தறது, யார் சைக்கிளுக்கு அது ஆகும், யார் சைக்கிளுக்கு ஆகாதுன்னு சொல்றேன்.

முதலில் ட்யூப் ஏன் அவ்வளவு சீக்கிரம் காத்து இழக்குதுன்னு பார்ப்போம். ட்யூப் ஒரு பலூன் மாதிரி. மெல்லிசான ரப்பர், காத்தடிச்சதும் இழுபட்டு நிற்குது. இழுபட்ட ரப்பரில் முள் குத்தினால் அந்த ஓட்டை இன்னும் வாயைத் திறக்கும். வெளியே வந்த காத்து ட்யூபுக்கும் டயருக்கும் நடுவில் ஓடி, போக்ஸ் கம்பி ஓட்டை வழியாகவும் வால்வு ஓட்டை வழியாகவும் தப்பிச்சுடும். முள் இன்னும் டயரிலேயே குத்தி நின்னாலும் பிரயோஜனம் இல்லை. ட்யூப்லெஸ்ஸில் காத்தைப் பிடிச்சு வெக்கிறது டயரே. டயர் தடிமன், உள்ளே நைலான் நூல் வேற இருக்கு, பலூன் மாதிரி இழுபடாது. குத்தின முள்ளை அது இறுக்கிப் பிடிச்சுக்கும். காத்து மெதுவாகத்தான் கசியும்.

இன்னொரு வகைப் பஞ்சரும் இருக்கு. நம்ம எஸ்டேட் பாதையில் கல் மேல ஏறி இறங்கும்போது, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிடும். கழட்டிப் பார்த்தால் பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை. ஆணியும் இருக்காது, முள்ளும் இருக்காது. பால் கேன் பாரத்தில் அண்ணனுக்கு அதிகம் வந்தது இதுதான். ட்யூபே இல்லைன்னா நசுங்குறதுக்கு என்ன இருக்கு?

கொஞ்சம் வரலாறு. காத்தடிச்ச டயரை முதலில் யோசிச்சவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1845ல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அப்போ அது பரவலை. 1888ல் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் தன் மகனுடைய மூணு சக்கர சைக்கிளுக்காக மறுபடி செய்தார். அதுதான் உலகம் முழுக்கப் போச்சு. (மாட்டு டாக்டர் செய்த டயரில் எங்க வீட்டுப் பால் போகுது, பாருங்க!) 1940களின் கடைசியில் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனி காருக்கு ட்யூப் இல்லாத டயர் கொண்டு வந்தது. மலைச்சைக்கிளுக்கு அது வர 1999 ஆயிடுச்சு. பிரான்ஸ் நாட்டு மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் கம்பெனிகள் சேர்ந்து அதுக்கென்றே ரிம்மும் டயரும் செய்தாங்க. அதுக்கு அப்புறம் சாதாரண மலைச்சைக்கிள் ரிம்மையே வீட்டில் மாத்திக்கிற முறைகள் வந்தன. நமக்கு வேண்டியது அதுதான்.

சைக்கிள் ரிம்மில் காத்து தப்பிக்க மூணே வழிதான் உண்டு. போக்ஸ் கம்பி ஓட்டைகள், வால்வு ஓட்டை, டயரின் ஓரக்கம்பி ரிம்மில் உட்காருற விளிம்பு. இந்த மூணையும் அடைச்சால் ட்யூப் வேண்டாம். மாத்துறதுன்னா வேற ஒண்ணும் இல்லை, அடைக்கிறதுதான்.

கடையில் இதுக்கென்று விக்கிற சாமான் வாங்கினால் முறை இப்படி. ரிம்மின் உள்பக்கத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, காய்ஞ்சதும், ட்யூப்லெஸ் டேப்பை நல்லா இழுத்து இழுத்துச் சுத்தணும். டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட ரெண்டு மூணு மில்லிமீட்டர் அகலமா இருக்கணும். முடியுற இடத்தில் ஒரு சாண் தூரம் ஒண்ணு மேல ஒண்ணு வரணும். கட்டை விரலால் தேய்ச்சுக் குமிழி இல்லாமல் ஒட்டணும். வால்வு ஓட்டை இருக்கிற இடத்தில் கம்பியால் சின்னதாகக் குத்தி, அடியில் ரப்பர் கட்டை வெச்ச ட்யூப்லெஸ் வால்வைச் சொருகி, திருகைக் கையால் மட்டும் முறுக்கணும். குறடு போட்டு முறுக்கினால் வழியில் அவசரத்துக்குக் கழட்ட வராது. டயரும் பக்கத்தில் 'ட்யூப்லெஸ் ரெடி' என்று அச்சடிச்சதா இருந்தால் ரொம்ப நல்லது. அதோட ஓரம் ரிம்மைக் கவ்வுற மாதிரி செய்திருப்பாங்க.

எங்களுக்கு அந்த டேப்பும் வால்வும் வாங்குற அளவுக்குக் காசு ஒதுங்கலை. அதனால் பழைய ஆட்கள் செய்த முறையைப் பிடிச்சோம். இதுக்கு வேண்டியது சின்னப் பிள்ளைங்க ஓட்டுற 20 இஞ்ச் சைக்கிளின் ட்யூப், சக்கரத்துக்கு ஒண்ணு. பைக் வால்வு வெச்ச ட்யூபாகக் கேட்டு வாங்கணும். ஏன்னா அதில்தான் உள்ளே இருக்கிற ஊசியை வால்வு சாவியால் கழட்ட முடியும்.

டயரையும் பழைய ட்யூபையும் கழட்டிட்டு, ரிம் டேப்பை மட்டும் அப்படியே விட்டுடணும். அது இல்லைன்னா போக்ஸ் ஓட்டையோட கூர் விளிம்பு புது ரப்பரை அறுத்துடும். 20 இஞ்ச் ட்யூபில் லேசாகக் காத்து ஊதி, 26 இஞ்ச் ரிம் மேல இழுத்து மாட்டணும். சின்ன ட்யூப், பெரிய ரிம், அதனால் ரப்பர் நல்லா இறுகி உட்காரும். இந்த ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் வேணும். அண்ணன் ஒரு பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் வால்வை ஓட்டைக்குள்ளே விட்டுப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் கத்திரிக்கோலால் ட்யூபின் வெளிப்பக்க நடுக்கோட்டில் சுத்திலும் வெட்டணும். வெட்டி விரிச்சால் ரிம்முக்கு ரப்பர் பாவாடை கட்டின மாதிரி ரெண்டு பக்கமும் தொங்கும். உள்ளே இருக்கிற வெள்ளைப் பவுடரை ஈரத்துணியால் துடைக்கணும். இப்போ போக்ஸ் ஓட்டையும் அடைஞ்சாச்சு, வால்வும் ட்யூபோடயே வந்தாச்சு. மூணில் ரெண்டு முடிஞ்சது.

மூணாவதுதான் கஷ்டம். டயரை அந்தப் பாவாடைக்கு நடுவில் மாட்டணும். டயரோட ரெண்டு ஓரமும் ரப்பருக்கு உள்பக்கம் இருக்கணும், ரப்பர் ரெண்டு பக்கமும் வெளியே எட்டிப் பார்க்கணும். ஓரத்தில் சோப்புத் தண்ணி தடவிட்டுக் காத்தடிக்கணும். கைப்பம்பு, கால்பம்பு ரெண்டும் இதுக்குப் பத்தாது. நாம அடிக்கிற காத்து ஒரு பக்கம் உள்ளே போகும், ஓரத்தின் இடுக்கு வழியா மறுபக்கம் வெளியே போகும். ஒரே மூச்சில் நிறையக் காத்து போனால்தான் டயர் விரிஞ்சு ஓரம் ரிம்மில் போய் அண்டும். நாங்க சக்கரத்தை பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், வால்வு ஊசியைக் கழட்டிட்டு கம்ப்ரசர் காத்து வெச்சோம். டப்பு, டப்புன்னு ரெண்டு சத்தம் வந்தது. கடையில் டீ குடிச்சுக்கிட்டிருந்தவர் எழுந்தே நின்னுட்டார். அது வெடிச்ச சத்தம் இல்லை, ஓரம் சரியாக உட்கார்ந்த சத்தம். ஆனாலும் ஜாக்கிரதை. முகத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. டயர் பக்கத்தில் அச்சடிச்ச அதிகபட்சக் காத்தைத் தாண்டவே கூடாது. ஆளில்லாமல் சின்னப் பிள்ளைங்க இதைச் செய்யவே வேண்டாம்.

ஓரம் உட்கார்ந்ததும் மறுபடி காத்தை இறக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சால் வால்வு வழியா சீலன்ட் என்ற திரவத்தை ஊத்தணும். இந்த அளவு டயருக்கு 100 மில்லி வரைக்கும் போதும். வால்வு ஊசியை மாட்டி, காத்தடிச்சு, சக்கரத்தைச் சுத்திவிட்டு, ஒரு பக்கம் பத்து நிமிஷம், மறுபக்கம் பத்து நிமிஷம் படுக்க வெக்கணும். ஓரத்தில் சோப்பு நுரை பொங்கினால் அங்கே கசியுதுன்னு அர்த்தம். அந்தப் பக்கம் சாய்ச்சு ஆட்டினால் அடைஞ்சுடும். மறுநாளும் காத்து அப்படியே நின்னால், வெளியே தொங்குற ரப்பரைப் பிளேடால் நறுக்கலாம். முழுசா ஒட்ட நறுக்காமல் கொஞ்சம் விட்டு நறுக்கணும்.

இந்த சீலன்ட்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பாட்டிலைத் திறந்தால் மூக்கை அடிக்கும், அம்மோனியா வாசம். பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். உண்மையிலேயே அது ஒரு பால்தான், பெரும்பாலும் ரப்பர் மரத்துப் பால். நம்ம மலைக்குக் காப்பியும் மிளகும் எப்படியோ, கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரப்பர் அப்படி. மாட்டுப் பாலில் கொழுப்பு சின்னச் சின்னத் துளியாக மிதக்குது இல்லையா, அந்த மாதிரி ரப்பர் பாலில் ரப்பர் துளிகள் தண்ணியில் மிதக்குது. மாட்டுப் பாலில் புளிப்பு விழுந்தால் திரியுற மாதிரி, ரப்பர் பாலிலும் அமிலம் ஊத்தினால் திரிஞ்சு கட்டியாகும். தோட்டத்தில் அப்படித்தான் ரப்பர் ஷீட் போடறாங்க. திரியாமல் வெக்கிறதுக்கு அம்மோனியா கலப்பாங்க. டயருக்குள்ளே இந்தப் பால் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். முள் குத்தி எடுத்ததும் காத்தோட சேர்ந்து பாலும் அந்த ஓட்டைக்கு ஓடும். அங்கே வேகமாகப் பாயுறதிலும் காய்ஞ்சு போறதிலும் ரப்பர் துளிகள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். கூடவே கலந்திருக்கிற நார், துகள் எல்லாம் குறுக்கே விழுந்து வலை மாதிரி பிடிச்சுக்கும். ஓட்டை அடைஞ்சுடும். நாம கீழே இறங்கக்கூட வேண்டாம். பலூனும் இதே பாலில் செய்யுறதுதான். 1946ல் சென்னை திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்துகிட்டிருந்த ஒரு சின்னப் பட்டறைதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனி ஆச்சு.

நெருஞ்சி முள் உங்களுக்கெல்லாம் தெரியும். கீழே அயோத்தியாப்பட்டணம் பக்கம் போனால் செருப்பையே குத்தும். இந்தச் செடி அமெரிக்காவிலும் போய்ப் பரவிடுச்சு. அங்கே அதுக்கு ஆட்டுத்தலை முள்ளுன்னு பேரு. முள்ளைப் பார்த்தால் கொம்பு வெச்ச ஆட்டுத்தலை மாதிரியேதான் இருக்கும். அங்கேயும் சைக்கிள்காரங்களுக்கு அதுதான் பெரிய எதிரி. இந்த மாதிரி சின்ன முள்ளு ஓட்டைக்குத்தான் சீலன்ட் நல்ல மருந்து.

காத்து எவ்வளவு வெக்கணும்? ட்யூப் இருந்தப்போ நசுங்கக் கூடாதுன்னு அண்ணன் 45 பவுண்டு வெப்பாங்க. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுன்னு கணக்கு.) கல்லுன்னு இருக்கும், கேன் மூடி குதிக்கும். இப்போ பின்னால் 35, முன்னால் 28. கேன் இல்லாதப்போ பின்னாலும் இறக்கிக்கலாம். காத்து கம்மியானால் டயர் தரையில் அகலமாகப் பதியும், ஈரச் சருகு மேலேயும் வழுக்கல் குறையும். ரொம்ப இறக்கினால் வளைவில் ஓரம் விலகிப் புஸ்ஸுன்னு காத்து விடும், அதுவும் ஆபத்து.

இங்கே ஒரு கணக்கு போட்டேன். சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வந்தால் வெளிக்காத்தின் அழுத்தம் குறையும் இல்லையா? அந்தக் கணக்கில், சேலத்தில் 30 பவுண்டு அடிச்ச டயர் இங்கே வந்ததும் 32 காட்டணும். ஆனால் இங்கே குளிர். எட்டு ஒன்பது டிகிரி குறைஞ்சால் டயருக்குள்ளே இருக்கிற காத்தும் சுருங்கி, ஒரு பவுண்டுக்கு மேல குறையும். ஏறினதில் பாதிக்கு மேல இறங்கிடுது. அதனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தும் மீட்டரில் பெரிசா மாற்றம் தெரியாது. இது எனக்கு ஆச்சரியமா இருந்தது.

இப்போ முக்கியமான கேள்வி. நம்ம அக்காமாருங்க வெச்சிருக்கிற விலையில்லா மிதிவண்டியை இப்படி மாத்தலாமா? தமிழ்நாட்டில் 2001-02ல் முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று ஆரம்பிச்சு, 2005-06ல் இருந்து அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற எல்லாருக்கும் அரசு சைக்கிள் தருது. கீழே இருக்கிற சித்தப்பா மகள் அக்காவுக்குக் கிடைச்ச சைக்கிளின் டயரைக் கழட்டி நல்லாப் பார்த்தேன். பதில்: மாத்த வேண்டாம். அந்த ரிம் ஒற்றைத் தகடு. போக்ஸ் கம்பியின் நிப்பிள் தலை உள்ளே துருத்திக்கிட்டு நிற்குது. டயர் ஓரம் உட்காருறதுக்குப் படி மாதிரி மேடை மலைச்சைக்கிள் ரிம்மில் இருக்கு, இதில் இல்லை. டயரும் ஒல்லி, அதனால் காத்து நிறைய வெக்கணும். அவ்வளவு அழுத்தத்தில் ஓரத்தைக் கவ்விப் பிடிக்க ஒண்ணும் இல்லாமல், இறக்கத்தில் டயர் கழண்டுடுச்சுன்னா? சமதரையில் விழுந்தால் முட்டி உடையும். நம்ம மலையில் விழுந்தால் எங்கே போய் விழுவோம்னு சொல்ல வேண்டியதில்லை. மலைச்சைக்கிளிலேயே சாதாரண டயராக இருந்தால், மாத்தின பிறகு நாலு நாள் வீட்டுப் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிப் பார்த்துட்டுத்தான் இறக்கத்துக்குப் போகணும். அண்ணன் ஒரு வாரம் காலி கேனோடதான் ஓட்டினாங்க.

அந்த சைக்கிளுக்குச் சரியான வழி, பஞ்சர் ஒட்டக் கத்துக்கிறதுதான். உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத்துண்டு, டயர் நெம்புற கம்பி, ஒரு வாளித் தண்ணி. உப்புத்தாளால் தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ஞ்ச பிறகு துண்டை வெச்சு அழுத்தணும். ஈரமா இருக்கும்போதே ஒட்டுறதால்தான் பாதி ஒட்டு பிரிஞ்சு போகுது.

நான் சக்கரத்தை மடியில் வெச்சுக்கிட்டு இதைச் செய்யுறப்போ எங்க ஆயா, "பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை, கையெல்லாம் கருப்பு" என்றாங்க. ஆயாவுக்கு நான் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கத்துக்கொடுத்தப்போ, அப்போ ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கத்துக்கொடுக்கணும்னு சேர்த்தாங்க. கல் உடைக்கிறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க, அங்கன்வாடி அக்காங்க எல்லாரும் பாவாடை சேலையோட கத்துக்கிட்டாங்க. 1992 மகளிர் தினத்தை ஒட்டி ஆயிரத்து ஐநூறுக்கும் மேல பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனாங்க. அப்போ லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆம்பளை சைக்கிளையே ஓட்டினாங்களாம். ஆயா கேட்டுட்டு, "அவுங்க ஓட்டுனாங்க, கழட்டலையே" என்றாங்க. ஆனாலும் அன்னிக்கு சோப்புத் தண்ணி கரைச்சுக் கொடுத்தது ஆயாதான்.

மாத்தின பிறகு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஆடி மாசம் மாத்தினது. இதுவரைக்கும் பின் டயரில் இருந்து மூணு முள்ளு பிடுங்கினோம். மூணு தடவையும் ஒரு சொட்டு வெள்ளையா எட்டிப் பார்த்துட்டு நின்னுடுச்சு. ஒரு தடவை மட்டும் உடைஞ்ச பாட்டில் துண்டு டயரின் பக்கவாட்டில் ஒரு விரல் அகலம் கிழிச்சது. அதை சீலன்ட் அடைக்காது, அடைக்கும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. அண்ணன் கேரியரில் எப்பவும் ஒரு ட்யூபும் பம்பும் கட்டி வெச்சிருக்காங்க. கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வெச்சு, ட்யூபைப் போட்டு ஓட்டினாங்க. கை, சட்டை எல்லாம் ரப்பர் பால். ஆனால் கேன் நேரத்துக்குப் போயிடுச்சு. இந்த முறையில் ஒரு செலவு உண்டு. நறுக்கின ரப்பரை மறுபடி அதே இடத்தில் உட்கார வெக்கிறது கஷ்டம். டயரைக் கழட்டினால் வேற 20 இஞ்ச் ட்யூப் வெட்டணும். டேப் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

சீலன்ட் காய்ஞ்சு போகிற பொருள். வெயில் ஊரில் சீக்கிரம், குளிர்ந்த ஊரில் மெதுவாகக் காயும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கணும். டயரைக் கழட்ட வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் வெச்சு ஆட்டுங்க. உள்ளே சளக் சளக்குன்னு கேட்டால் இன்னும் பால் இருக்கு. சத்தம் இல்லைன்னா சிரிஞ்சால் இன்னொரு 50 மில்லி ஊத்தணும்.

— 9ஆம் வகுப்பு மாணவி